மூக்கரின் இரண்டாவது போத்தல்

வெள்ளவத்தையில் உள்ள மூக்குகள் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும், எங்கள் மூக்கருடைய மூக்கை மறு தட்டிலும் வைத்தால் அவருடைய தட்டுத்தான் தாழும். அளவிலும் அப்படித்தான். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், எங்கள் தொடர்மாடியில், எங்களுக்கு எதிர்வீடு. ஹோட்டல் ஒன்றில் பார் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வராந்தாவில் நின்றபடியே கீழ்வீட்டுக்குக் குரல் கொடுப்பார்: "பிள்ளை, பருப்பு அடிப்பிடிக்குது, இறக்கும்!" பருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது பிறகுதான் தெரியவரும்.

ஒருமுறை ஜேர்மனியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். ஊருலகம் சொக்கிலேற் கொண்டுவரும்; இவர் ஒரே தோட்டத்தில் ஒரே வருஷம் செய்த ரீஸ்லிங் வைன் இரண்டு போத்தல் கொண்டுவந்தார். ஒன்றை அந்தக் கிழமையே உடைத்து என்னைக் கூப்பிட்டார். குடித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணை, இது ஸ்பிரைட் மாதிரிக் கிடக்கு."

"குடிச்சனீர் சரி, மணந்தனீரோ? பச்சை அப்பிள் மணக்கேல்லையோ? தேசிக்காய்த் தோல்?"

மணந்தேன். இருந்தது. நாக்கில் லேசாகக் குத்தியது. இனிப்பு முன்னால் ஓட, புளிப்பு பின்னால் துரத்தியது. வெறி என்று சொல்ல ஒன்றுமில்லை, பியரைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

"மற்றது பத்து வருஷத்துக்குப் பிறகு" என்றார். "இனிப்பு அடங்கும். தேன் மணக்கும், மண்ணெண்ணெய் மணக்கும்."

"மண்ணெண்ணெய் மணக்கிறதுக்கோ அண்ணை பத்து வருஷம் காவல்?"

"அதுக்குத்தான் காவல்."

கொழும்பு வெக்கையில் வைனைக் காப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜின் அரசாங்கம் அவருடைய மனைவி, மாடி முழுவதுக்கும் அக்கா. வெள்ளிக்கிழமை அதற்குள் பாலும் பூவும் மரக்கறியும்தான் இருக்கலாம். வியாழன் பின்னேரமே மீன், முட்டையோடு போத்தலும் நாடு கடத்தப்பட்டு எங்கள் வீட்டுக்கு வரும். சனி காலை திரும்பிப் போகும். கந்தசஷ்டி என்றால் விரதம் முடியும்வரை எங்களோடுதான். ஜேர்மனியிலிருந்து பறந்து வந்த தூரத்தைவிட எங்கள் இரண்டு வாசலுக்கும் இடையில் அது நடந்த தூரம் கூட. ஒவ்வொரு தடவையும் மூக்கர் கூடவே வருவார். "தம்பி, குலுக்காதையும். படுக்க வையும்."

பிறகு கொரோனா வந்தது. மாடியில் எல்லாருக்கும் மணம் போனது, எல்லாருக்கும் திரும்பி வந்தது, அவருக்கு மட்டும் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டுக் குசினியிலிருந்து புகை வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பில் சோறு கரியாகிக்கொண்டிருக்க, மூக்கர் பக்கத்துக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் போத்தல் காவல் நிற்கவில்லை. மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்தில், ஒரு மணமும் தெரியாத மனிசன் மணத்தைக் காப்பாற்ற மீன்கடைக்கு ஓடினார். "மல்லி, அயிஸ் தியனவாத?" என்று சிங்களத்தில் ஐஸ் கேட்டார். மீன்காரன் மீன் அடுக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் கொடுத்தான். போத்தலில் பாரைமீன் வாடை ஏறிவிட்டது. அக்கா அதை மஞ்சள் தண்ணீரில் கழுவித்தான் உள்ளே எடுத்தார்.

போன வருஷம் அந்தப் பத்து வருஷத் தவணை முடிந்தது. மூக்கர் உடைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"எனக்கு இனி என்னத்துக்கு? நீர் கொண்டுபோம்."

அக்கா போத்தலையும் கிளாசையும் கொண்டுவந்து வைத்தார். வேறு வழியில்லாமல் மூக்கர் ஊற்றினார். தண்ணீர் போல இருந்தது நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. கிளாசுக்குள் மூக்கை விட்டு வெகுநேரம் இருந்தார்.

"ஒண்டுமில்லை. நீர் சொல்லும்" என்று என்னிடம் நீட்டினார்.

மணந்தேன். தூக்கிவாரிப் போட்டது. "அண்ணை, சத்தியமா மண்ணெண்ணெய்!"

"மெய்யாவோ? வேற?"

"தேன்…" அதோடு என் அகராதி முடிந்துவிட்டது.

"தாரும் தம்பி, உமக்குச் சரிவராது." அக்கா கிளாசைப் பறித்துக் கண்ணை மூடினார். "காய்ஞ்ச தோடம்பழத் தோல் மணக்குது. பட்டர் பூசி வாட்டின பாண். வெயிலுக்க மழை பெய்யேக்க றோட்டில எழும்புமே, அந்த மணம்." ஒரு வாய் குடித்தார். "புளிப்பு அப்பிடியே நிக்குது. இனிப்புத்தான் முந்தி இதைவிடக் கூட."

மூக்கர் நிமிர்ந்தார். "முந்தி எப்ப குடிச்சனீர்?"

"அண்டைக்குக் கிளாஸ் கழுவேக்க."

மூக்கர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்தார். நாக்கு பழுதில்லை, இனிப்பும் புளிப்பும் அவருக்குத் தெரியும். கண் கலங்கியிருந்தது.

"இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

அக்கா போத்தல் வாயை மறுபடி மணந்து, தோடம்பழத் தோலிலிருந்து ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். மூக்கர் குடித்துக்கொண்டே கேட்டார். மூக்கைக் கழற்றிக் கொடுக்க முடியுமென்றால் அன்றைக்கே என்னுடையதைக் கொடுத்திருப்பேன்.