கிளிக்கரின்ரை கமராவும் என்ரை சாப்பாட்டுத் தட்டும்

லண்டனிலை கிளிக்கரின்ரை கமராவுக்குத் தப்பி ஒரு முழு வடை திண்ட தமிழன் ஒருத்தன்கூட இல்லை. இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் அவன்ரை காலிலை விழுறன்!

மனுசன்ரை உண்மைப் பேர் ஆருக்கும் தெரியாது. நோர்பரியிலை மாதம் ஒருக்கா வாற ஓர் இலவசப் பேப்பருக்கு ஆசிரியர், நிருபர், படம் எடுக்கிறவர், கடை கடையாய்க் கொண்டுபோய்ப் போடுறவர் எல்லாம் அவர்தான். லூயிஷாம் சந்தையிலை தக்காளிப் பெட்டி கவிண்டாலும் படம், சட்டனிலை பஸ் பழுதாகி நிண்டாலும் படம். கலியாணவீட்டிலையோ மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் படம் எடுக்கிறதை விட்டிட்டு நேரை பந்திக்கு வந்திடுவார். "சாப்பிடேக்கைதான் சனம் நடிக்காது" எண்டு விளக்கம் வேறை.

எனக்கு அவரைக் கண்டாலே காய்ச்சல் வரும். அப்ப எனக்கு விசா இல்லை. பேப்பரிலை முகம் வந்தால் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். அதுக்காகக் கலியாணச் சாப்பாட்டை விடேலுமோ? தூணுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு சாப்பிட்டால், அங்கையும் கிளிக்!

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், என்ரை படத்தைப் போடாதேங்கோ."

"ஓம் தம்பி, ஓம். வாயைக் கொஞ்சம் மூடும்." கிளிக்!

அடுத்த மாதம் ஏழாம் பக்கத்திலை, வாய் நிறைய இடியப்பத்தோடை நான். மனுசனை நான் திட்டாத திட்டில்லை.

இப்பிடியே இருபது வருசம் ஓடிப்போச்சு. இருபது வருசம் இஞ்சை இருந்தால் விசாவுக்குப் போடலாம் எண்ட லோயர், "நீங்கள் இஞ்சைதான் இருந்தனீங்கள் எண்டதுக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் ஓர் அத்தாட்சி வேணும், இல்லாட்டில் கேஸ் நிக்காது" எண்டார். என்ரை பேரிலை ஒரு கரண்ட் பில்கூட இல்லை. கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. பிறகு திடீரெண்டு மண்டையிலை உறைச்சுது. கிளிக்கர்!

ஓடினன். அவரின்ரை கராஜ் முழுக்கத் திகதி போட்ட பழைய பேப்பர். ரெண்டு பேரும் நிலத்திலை இருந்து புரட்டினம். ஐயோ, வருசா வருசம் நான்! தலைமயிர் கொட்டுது, வயிறு தள்ளுது, கையிலை தட்டு மட்டும் மாறேல்லை. பத்தொன்பது வருசம் கிடைச்சுது. ஒண்டைக் காணேல்லை.

"விடுங்கோ அண்ணை, இனி ஏலாது" எண்டு எழும்பினன்.

"இரும்! சட்டன் பஸ்!" எண்டு கத்தினார் கிளிக்கர்.

பழுதாகி நிண்ட பஸ்ஸின்ரை யன்னலுக்குள்ளை, மீன் ரோல்ஸைக் கடிச்சபடி நான்! ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுத் துள்ளினம்.

விசா வந்த அண்டு கடிதத்தோடை முதல் அவரிட்டைத்தான் போனன். நெஞ்சை நிமித்தி நிண்டு, "எடுங்கோ அண்ணை!" எண்டன். தூக்கின கமராவை அப்பிடியே கீழை இறக்கினார்.

"தம்பி, தட்டெங்கை?"

இப்ப எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், பந்தியிலை இருந்துகொண்டு வாசலைத்தான் பாக்கிறன். அந்த மனுசன் வந்து ஒரு கிளிக் அடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.