பெரியப்பா பேச்சில் நான் வெட்டிய இடம்

எதையும் சீக்கிரம் முடித்துவிட்டால் நாம் கெட்டிக்காரர்கள் என்று ஒரு நினைப்பு வரும். எனக்கு அது அக்காவின் ரிசப்ஷன் அன்று வந்தது.

மாப்பிள்ளைக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. அவர் அம்மா கன்னியம்மா கோவளத்தில் மீன் விற்பவர். எங்கள் தாம்பரத்துப் பெரியப்பா இந்தச் சம்பந்தம் பிடிக்காமல் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "அவரு வாயால நல்லா இருங்கன்னு ஒரு வார்த்த வந்துட்டா போதும்பா" என்று கன்னியம்மா என்னிடமே சொன்னார். அதனால் உறவினர்களின் வாழ்த்துகளை செல்போனில் பிடித்து, ஒன்றாக ஒட்டி, மண்டபத்துத் திரையில் போடும் பொறுப்பை ஏற்றேன். (யாரும் கேட்கவில்லை.)

கேமரா ஓடுவது தெரியாமல் பெரியப்பா ஏதோ உளறிவிட்டுத்தான் வாழ்த்தினார்.

"டேய், முன்னாடி பேசினத கட் பண்ணிடு. மானம் போயிடும்."

"கவலையே படாதீங்க பெரியப்பா."

வீடியோவை முழுதாக மறுபடி உருவாக்கி, அதாவது என்கோட் செய்து, வெட்டினால் என் பழைய லேப்டாப்புக்கு மதியம் முழுக்க ஆகும். என்கோட் செய்யாமல் வெட்டினால் ஒரு டீ குடிப்பதற்குள் முடியும். நான் டீ குடிக்கப் போனேன். அப்படி வெட்டினால் நாம் சொன்ன இடத்தில் வெட்டு விழாது, கொஞ்சம் முன்னால் தள்ளி விழும் என்று சாஃப்ட்வேர் எச்சரித்தது. (அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?) முன்னால் ஒட்டிக்கொண்டு வந்த அந்த மிச்சப் பேச்சை லேப்டாப் மறைத்து ஒழுங்காகத்தான் காட்டியது. மண்டபத்துப் பிளேயருக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

திரையில் பெரியப்பா தோன்றினார். "இந்த மீன்கார வூட்டு சம்பந்தமே வேணாம்னுதான்டா சொன்னேன்..."

கன்னியம்மா தலை குனிந்துகொண்டார். மேடையிலிருந்து அக்கா என்னை முறைத்தாள். பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன். மேடை விளக்குகள் அணைந்தன. (பிடுங்கியது வேறு ஒயர்.)

இருட்டில் திரை மட்டும் பேசியது. "...அந்தம்மா குடுத்தனுப்பின வஞ்சிரக் கொழம்ப துன்ன அன்னிக்கே கவுந்துட்டேன். ஒடனே ஒத்துக்கினா கெத்து போயிடும்னு உர்ருனு கீறேன். டேய், கேமரா ஓடுதா இன்னா?"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருந்த பெரியப்பாவிடம் போனார்.

"இதுக்கா அண்ணா இத்தினி நாளு மொறைச்சிகினு இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா டெய்லி அனுப்பியிருப்பேனே!"

"உப்பு மட்டும் கொஞ்சம் கம்மிம்மா" என்றார் பெரியப்பா. போன உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் கோவளத்திலிருந்து குழம்பு வந்துவிடுகிறது. அக்கா குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று பெரியப்பா அதைக் கையில் வாங்கி, "நூறு வருசம் நல்லா இரு" என்று வாழ்த்தினார்.

"அதெல்லாம் சரி அண்ணா" என்றார் கன்னியம்மா. "அதுக்கு முன்னாடி இன்னா சொன்னீங்க?"