காற்றுப் புகாத வீடு

வில்பட்டி ராஜமுருகன் அன்றைக்குக் காலையில் ஒரு முடிவு எடுத்தான். புயல் வரட்டும். யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் புகுந்து புறப்படட்டும். தன் வீட்டுக்குள் மட்டும் ஒரு முழம் காற்றுக்கூட நுழையக் கூடாது.

கடலில் கிளம்பிய புயல் கரையேறி, அது போதாதென்று மலையும் ஏறி, சாயங்காலம் கொடைக்கானல் வழியாகப் போகுமென்று செல்போன் சொல்லியிருந்தது. ராஜமுருகனுக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. பெண்டாட்டியைப் பற்றியும் அவ்வளவாக இல்லை. கவலையெல்லாம் விதைப்பூண்டைப் பற்றித்தான்.

அந்தப் பக்கத்தில் மலைப்பூண்டை எடுத்ததும் கட்டுக் கட்டாக முடிந்து, வீட்டுக்குள்ளேயே கூரைக்குக் கீழே கம்புகளில் தொங்கவிடுவார்கள். கீழே இரும்புச் சட்டியில் நெருப்பு மூட்டி, ஈரக் கட்டையை வைத்துப் புகை போடுவார்கள். புகை பிடித்த பூண்டு எந்த மழைக்கும் அழுகாது, முளைக்காது. ஈரக் காற்று நுழைந்து புகையைக் கலைக்காமல் இருந்தால் அடுத்த நடவு வரைக்கும் பூண்டு பத்திரம். பூண்டுக்கு அடியில் படுத்திருப்பவர்களின் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை.

கண்மணி கேட்டாள். கல்யாணமான மாதத்திலிருந்தே கேட்டாள். மழைக்காலம் வந்தால் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி குடிவந்துவிடும். மூச்சு விட்டால் கீச் கீச்சென்று சத்தம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, வீட்டில் யார் பீடி குடிப்பது என்று கேட்டபோது, "பூண்டு" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

மனிதர் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம் இருக்க இடம் இல்லாமலும் இல்லை. வீட்டை ஒட்டி டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட ஒரு ரூம் கட்டியிருந்தான் ராஜமுருகன். அவன் வாயில் அதற்குப் பெயர் காட்டேஜ். கண்ணாடி ஜன்னல், மெத்தை, கீசர், சுவரின் மேல்பக்கம் காற்றுப் போக வர வழி. பூண்டு உள்ளே வரக் கூடாது. பூண்டு வாடை அடிக்கிற ஆளும் வரக் கூடாது. பூண்டு வாடை அடிக்கிற ஆள் என்றால் கண்மணிதான். சாவி எந்நேரமும் அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"பூண்டு இங்கனயே கெடக்கட்டும், நாம அங்கன படுத்துக்குவோமே" என்று அவள் போன மாதம்கூடக் கேட்டுப் பார்த்தாள்.

"அது கெஸ்ட்டுக்கு, புள்ள. சுத்தமான காத்து வேணும்னுதான அவுக மலையேறி வாராக."

"நாம மலையிலயேதான கெடக்கோம்."

"பெறகென்ன? வாசலுக்குப் போனா உனக்கு வேண்டிய காத்து கெடக்கு. போயி வாங்கிக்க."

அதற்குப் பிறகு கண்மணி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக ராஜமுருகன் நினைத்துக்கொண்டான். ஆண்கள் வழக்கமாகச் செய்கிற கணக்கு.

புயலன்று வெள்ளனே பஜாருக்குப் போய் பிரவுன் டேப்பும் பாலிதீன் தாளுமாகச் சுமந்து வந்தான். இப்படி அடைத்தால் மூச்சு முட்டாதா என்று கண்மணி கேட்பாள், கேட்டதும் ஓர் அதட்டு அதட்டலாம் என்று அதட்டலைக்கூடத் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை. ஏணியைப் பிடித்தாள். டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தாள். அவன் விட்டதையெல்லாம் அவள் காட்டினாள். சமையல்கட்டு ஜன்னலுக்கு மேலே ஒரு சந்து, சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் ஒரு கீறல், மீட்டர் வயர் வருகிற ஓட்டை. கடைசியில், கூரையில் புகை போவதற்கென்று விட்டிருந்த திறப்பையும் காட்டினாள்.

ராஜமுருகன் கை கொஞ்சம் தயங்கியது. "இது புகை போற வழில்ல?"

"புகை போற வழியில காத்துக்கு வரத் தெரியாதாக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஒட்டிவிட்டான். பின்கதவை மட்டும் அவள் ஒட்ட விடவில்லை. விறகு எடுக்க நான் போய்வர வேண்டாமா என்று சொல்லிவிட்டாள். இவ்வளவையும் பக்கத்து வீட்டு வடிவு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தாண்டியதும் மேகம் தெருவுக்கே இறங்கிவிட்டது. அப்போதுதான் கண்மணி மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாஞ் சரி. காட்டேஜுக் கண்ணாடிக்கு என்ன செஞ்சீக?"

ராஜமுருகன் அவசரமாக டேப்பைத் தேடினான். டேப் தீர்ந்திருந்தது.

"கண்ணாடி ஒடஞ்சுபோச்சுன்னா மெத்த பூராம் நனைஞ்சிரும்ல" என்றாள். "யாராச்சும் உள்ள இருந்து பாத்துக்கிட்டாத்தான் தேவல."

"நான் போறேன்."

"நீங்க போயிட்டா பூண்டுக்குப் புகை? எங்கையால போட்டா அணைஞ்சிரும்னு நீங்கதான சொல்லுவீக."

வாஸ்தவம். சொல்லுவான். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவனே அவிழ்த்து, அவனே அவள் கையில் வைத்தான். புயலடிக்கிற நேரத்தில் ஒற்றை ஆளாகக் காவலுக்குப் போகிறாளே என்று நெஞ்சு இளகக்கூடச் செய்தது. போர்வை, டார்ச், பிளாஸ்க், சோற்றுத் தூக்கு என்று அவள் வரிசையாக எடுத்துப் போனதைப் பார்த்தும், இதெல்லாம் எப்போது தயாரானது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

காற்று அடிக்கத் தொடங்கியது. கரண்ட் போனது. ராஜமுருகன் வழக்கம்போல இரும்புச் சட்டியில் புகை மூட்டிவிட்டு, ஒரு தாள்கூடப் படபடக்காத தன் வீட்டைப் பெருமையோடு பார்த்தபடி உட்கார்ந்தான்.

புகை மேலே போனது. தன் வழியைத் தேடியது. அங்கே டேப். ஜன்னலுக்குப் போனது. அங்கேயும் டேப். வேறு சோலி இல்லாததால் நேரே ராஜமுருகனிடம் வந்தது.

முதலில் பூண்டு தெரியவில்லை. பிறகு சுவர் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர், தொண்டையில் மிளகாய். ஜன்னல் தாளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நகத்தால் சுரண்டினான். நகம்தான் பிய்ந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலை. தலை கிண்ணென்று கனத்ததும் பயந்துபோய், சட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே பின்கதவு வழியாக வெளியே விழுந்தான். மழை நெருப்பை அணைத்தது. அவனையும் அணைத்தது.

காட்டேஜ் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. டார்ச் வெளிச்சம் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணி சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி நின்றாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல" என்று இருமினான்.

"அப்பச் சரி. வெரசா வாங்க. கரண்டு போறதுக்கு முந்தியே கீசரப் போட்டு வச்சேன். குளிச்சிட்டு உக்காருங்க. வாடையோட மெத்தையில ஏறக் கூடாதுல்ல."

குளித்துவிட்டு வந்தான். தரையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

"ரெண்டு தட்டு எதுக்குக் கொண்டாந்த?"

"நீங்க ஒட்டுனதப் பாத்தேன்ல. இருட்டுறதுக்குள்ள வந்துருவீகன்னு தெரியும்."

ராஜமுருகன் சோற்றைப் பிசைந்தான். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மென்று விழுங்கினான்.

படுத்தபோது வெளியே மரங்களெல்லாம் ஊளையிட்டன. உள்ளே ஏதோ குறைகிறதே என்று காதைத் தீட்டிக் கேட்டான். பக்கத்தில் கண்மணி தூங்கிக்கொண்டிருந்தாள். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. காலையில் சாவியைக் கேட்க எடுத்த வாயால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனான். பழைய வீட்டின் தாள்களைப் பிய்த்து, திறப்பைத் திறந்து, பூண்டுக்குத் தனியாகப் புகை போட்டான். ரூம் இருக்கிறதா என்று போனில் கேட்டவர்களிடம், காட்டேஜ் ஃபுல் என்றான்.

பத்து நாள் கழித்து இன்னொரு புயல் கிளம்பியிருப்பதாகச் செல்போன் சொன்னது. வடிவு வேலிக்கு அருகே வந்து நின்றாள்.

"அண்ணே, அவ்வளவு காத்துலயும் நீங்க ஒட்டுன டேப்பு ஒண்ணுகூடப் பிரியலையாம்ல. மதினி சொல்லிச் சொல்லி மாயுறாக. எங்க வீட்டையும் ஒருக்கா அடைச்சுக் குடுத்துட்டுப் போங்களேன். எங்க வீட்டு ஆளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல."

அவன் வேலையை ஊரில் ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது. டேப்பை வளையல்போலக் கையில் மாட்டிக்கொண்டு போனான். வடிவின் புருஷன் வாயைப் பிளந்து பார்க்க, ஏணியில் ஏறி, பூண்டுக் கட்டுகளுக்கு மேலே புகை போகிற திறப்பையும் அடைத்துவிட்டுத் திரும்பினான்.

டூரிஸ்ட்டுக்கென்று அவர்கள் புதிதாகக் கட்டிய ரூமுக்குள், பாய் தலையணையெல்லாம் கொண்டுபோய் விரித்து வைத்துவிட்டு வடிவு நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தாள்.