பனி உட்காருகிறது

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் கொலராடோ மலையூர்களில் தவறாமல் தென்படும் ஓர் இனம் உண்டு, வாசகரே: அபாய அறிக்கையை மதிப்பெண் பட்டியலாக வாசிப்பவர். பனிச்சரிவு அபாயம் ஐந்துக்கு மூன்று என்றால் நாம் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்போம். அவருக்கோ தேர்வில் தேறிவிட்ட பூரிப்பு. நான்கு என்றால் வீட்டில் இருப்பார். நான்கு என்றால் எல்லோருமே வீட்டில்தான் இருப்பார்கள். ஆட்கள் புதைவது பெரும்பாலும் மூன்றில். சொன்னால் கேட்பாரா? இருபது குளிர்காலம் அதே சாய்வில் பலகை கட்டிச் சறுக்கியதையும், பனியில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்க நெஞ்சில் கட்டிய தேடுகருவி புத்தம் புதியது என்பதையும், நேற்றே எவனோ சறுக்கிப் போன தடம் அங்கே இருப்பதையும், அந்தத் தடக்காரன் இன்று காலை உணவகத்தில் முட்டை தின்றுகொண்டிருந்ததைத் தாமே கண்டதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கின் உச்சியில் ஏறி நின்று, "மலைய எனக்குத் தெரியும்" என்பார்.

மலைக்கு அவரைத் தெரியுமா?

என் பெரியப்பா மகன் கிளேட்டன் இவ்வினத்தின் குறையற்ற மாதிரி. சென்ற பிப்ரவரி பதினொன்றாம் தேதி, தம் தங்கை வெர்னாவின் கணவர் எமெட்டை அழைத்துப் போக வாசலில் வந்து நின்றார்.

"கிளம்பு மாப்ள! முழங்கால் அளவு புதுப்பனி. மத்தியானம்னா ஊரே வந்து உழுதுடும்."

"அண்ணே, இன்னிக்கு மூணு போட்டிருக்கான்," என்றாள் வெர்னா.

"அஞ்சுக்கு மூணுதானே! நீ கணக்குல வாங்குனத விட ஜாஸ்தி."

"எனக்கு இருக்கறது ஒரே புருஷன். முழுசாக் கொண்டாந்து விடு."

உச்சியில் இருவரும் நின்றபோது காலடியில் 'தொம்' என்றது. பனிக்குள் வலுவற்ற அடுக்கு நொறுங்கும் சத்தம் அது; சரிவு வரப்போகிறது என்ற எச்சரிக்கை. இவ்வூரில் அறியாதவர் இல்லை. கிளேட்டனின் முகம் மலர்ந்தது.

"கேட்டியா மாப்ள? பனி உட்காருது! உட்கார்ந்த பனி எங்கயும் போகாது."

சறுக்கினார். மூன்றாம் திருப்பத்தில் சாய்வு முழுதும் கண்ணாடிபோல் விரிசல் விட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கீழே போயிற்று.

எமெட் தேடுகருவியின் பீப் ஒலியைத் தொடர்ந்து இறங்கி, ஒன்பது நிமிடத்தில் (எட்டு என்பார் கிளேட்டன்; எமெட்டின் கணக்கே ஏற்கத்தக்கது) மண்வாரியால் பனியைத் தோண்டி முகத்தை வெளியே கொண்டுவந்தார். நீலம் பாரித்த உதடுகள் அசைந்தன. நன்றி என்றா நினைக்கிறீர்கள்?

"சொன்னேன்ல... உட்காருதுன்னு."

வீடு திரும்பிய கணவரை வெர்னா விடவில்லை.

"அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு தெரியும்?"

"தெரியும்."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

எமெட் ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். "மச்சான் அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு. கெடுக்க மனசு வரல."

வாசகரே, நீங்கள் கிளேட்டன் அல்லர். அதில் எனக்கு ஐயமில்லை. அவர் இனத்தார் இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்கள். நீங்கள் அவருக்குப் பின்னால், கேட்டதைக் கேட்காததுபோல் புன்னகைத்து நிற்பவர். பண்பாளர்.

மண்வாரியாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?