பாலத்தில் ஆடிய பிள்ளையாரும் கொக்கி அண்ணேயும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடமாக யோசித்தேன். மூன்று முறை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டேன். சுழியைப் பார்த்ததும் வெட்கமாகி மூடிவிட்டேன். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துப் பிழைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறேன் என்று என் மனைவி நினைத்தாள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். உண்மையான காரணம் வேறு. போகப் போகத் தெரியும்.

பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் தங்களுக்கு முன்னால் என்ன வருகிறது என்று பார்த்து வாழ்கிறவர்கள். தனக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தே வாழ்கிற ஒரே மனிதர் கொக்கி அண்ணே. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இருப்பதாகவும் தெரியவில்லை. சின்னக் கார் ஒன்று, அதன் பின்னால் ஒரு இரும்புக் கொக்கி, கொக்கியில் மாட்டிய இரண்டு சக்கர டிரெய்லர். தெருவில் பாதிப் பேருடைய முழங்காலில் அந்தக் கொக்கியின் தழும்பு உண்டு. பெயர் அப்படித்தான் வந்தது.

கார் எண்ணூற்றைம்பது சிசி. அதைவிடப் பெரிய இன்ஜின் வைத்த மோட்டார் சைக்கிளில் போலீஸ்காரர்கள் போகிறார்கள். அதில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பினாங்குத் தீவு முழுக்க அலமாரி, மெத்தை, கல்யாண வீட்டு நாற்காலி என்று இழுத்துக் கொடுப்பதுதான் அண்ணேயின் தொழில். மேடு வந்தால் முதலில் ஏர்கோனை அடைப்பார். அப்புறம் ரேடியோ. அதுவும் போதாவிட்டால் பின்சீட்டைப் பார்த்து, "பேச்சைக் குறைங்கலா, வண்டி ஏறணும்" என்பார்.

எங்கே போனாலும் டிரெய்லரைக் கழற்ற மாட்டார். நாசி கண்டார் சோற்றுக் கடை வாசலில் இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு தே தாரிக், இழுத்து ஆற்றிய டீ, குடிப்பார். "கழட்டி வெச்சிட்டு வரலாமில்லண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ உன் வலது கையை வீட்டுல கழட்டி வெச்சிட்டா சாப்பிட வர்றே?" என்றார்.

அண்ணேயின் காரில் எப்போதும் ஒரு தராசு இருக்கும். குளியலறையில் வைத்து ஏறி நின்று எடை பார்ப்போமே, அந்தத் தராசு. அவர் அதில் ஏறி யாரும் பார்த்ததில்லை. டிரெய்லரில் சாமான் ஏற்றியதும் அதன் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டுகிற முனையை, அந்தத் தராசின் மேல் இறக்கி வைப்பார். குப்புறப் படுத்து முள்ளைப் பார்ப்பார். முனையில் கொஞ்சம் பாரம் இருக்க வேண்டும், அதற்குப் பெயர் முன்பாரம். முன்பாரம் இல்லாமல் பின்பாரமாகிவிட்டால், சின்னக் காரை டிரெய்லர் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கும் என்பது அவருடைய வேதம்.

ஒருமுறை பாயான் பாருவுக்குக் குடிபோகிறவர் தன் ஐஸ்பெட்டியை ஏற்றினார். தராசு இரண்டு கிலோதான் காட்டியது. அண்ணே இறக்கச் சொன்னார். மறுபடி ஏற்றினார்கள். முப்பது கிலோ, அது அதிகமாம். மறுபடி இறக்கச் சொன்னார். மூன்றாவது முறை ஏற்றும்போது ஐஸ்பெட்டிக்காரர் வேர்த்து வழிந்துகொண்டு, "அண்ணே, நான் நடந்தே தூக்கிட்டுப் போயிருப்பேன்லா" என்றார்.

"போயிருக்கலாம். உனக்கு முன்பாரம் நல்லா இருக்கு" என்று அவர் தொப்பையைப் பார்த்துச் சொன்னார் அண்ணே.

பின்னால் எடுப்பது இன்னொரு கலை. டிரெய்லரோடு பின்னால் போகும்போது, டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். இதை எனக்கு விளக்கியபோது, "கோயில் கமிட்டி மீட்டிங்ல பேசற மாதிரிதான்லா தம்பி. நீ நெனைக்கிறதுக்கு நேர் எதிரா ஆரம்பிக்கணும்" என்றார்.

அந்தக் கமிட்டியில் நான் செயலாளர். நடந்த விஷயமும் கமிட்டி விஷயம்தான்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பழைய சிலையில் விரிசல் விட்டதால் புதுச் சிலை வாங்கினோம். பிரதிஷ்டைக்கு முன்னால் சிலையைத் தண்ணீரிலும் நெல்லிலும் கிடத்தி வைக்க வேண்டும். கடல் பாலத்துக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் ஓர் அன்பர் தன் வீட்டுத் தொட்டியும் நெல்லும் தந்தார். ஆனி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் பிள்ளையார் பீடத்தில் உட்கார வேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்தார். பத்தரைக்கு ராகு காலம். தவறினால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிக்குத்தான் நாள்.

ஆவணி வரை தள்ள முடியாது. ஏனென்றால் என் மனைவி சிலை உட்காரும் வரை ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. பாவாடை நாடா இரண்டு சுற்று வந்தது. முகத்தில் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அவள் தாங்க மாட்டாள். நேர்த்திக்கடனை விடவும் மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வர வேண்டிய லாரி வரவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டதாம். நானும் எங்கள் கமிட்டித் தலைவரும் கோயில் வாசலில் நின்றோம். தலைவர் ஓய்வுபெற்ற கிராணி. அந்தக் காலத்து ஆபீசில் கோப்பு பார்த்தவர், பிள்ளையாரையும் ஒரு கோப்பு மாதிரிதான் நடத்துவார்.

என் மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். "சாமி வரலேன்னா நீங்களும் வர வேணாம்" என்றாள். அவ்வளவுதான்.

எதிர்க் கடையில் கொக்கி அண்ணே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

அவருடைய காரில் மூவரும் தாசேக் கெலுகோர் போய்ச் சேர்ந்தோம். ஆறு பேர் சேர்ந்து பிள்ளையாரைப் பலகையோடு தூக்கி வந்தார்கள். அண்ணே டிரெய்லரின் நடுவுக்குச் சற்று முன்னால் கையைக் காட்டி, "இங்க. முகம் எந்தப் பக்கம் வேணும்னாலும் இருக்கட்டும், பாரம் இங்க" என்றார்.

தலைவர் மறுத்தார். "காரோட பின்பக்கத்துக்கிட்டயா சாமியை வைக்கிறது? புகைக்குழாய் இருக்கு."

"தலைவரே, சாம்பிராணிப் புகை பாக்காத சாமியா?"

"அது சாம்பிராணிப்பா. இது பெட்ரோல்."

எனக்கும் தலைவர் சொன்னது சரியாகப்பட்டது. பிள்ளையாரைக் கடைசிக் கோடியில், முகம் பின்னால் பார்க்க உட்கார வைக்கச் சொன்னவன் நான்தான். சாய்ந்துவிடாமல் இருக்க, அவர் கிடந்த நெல்லை இரண்டு மூட்டையாகக் கட்டி அவரை ஒட்டி அதே கோடியில் வைக்கச் சொன்னவனும் நான்தான். டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி நின்றது. அண்ணே தராசை எடுத்து வந்தார்.

"என்னண்ணே இது?"

"பாரம் பாக்கணும்லா."

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. "சாமியைத் தராசுல நிறுப்பீங்களா? கோழியா அது?" என்று கேட்டுத் தராசைப் பிடுங்கினேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணே என்னைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூக்கை அமுக்கிப் பிடித்துக் கொக்கியில் மாட்டினார். காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை மேலே எழும்பியது. "மெதுவாத்தான் போவேன்" என்று மட்டும் சொன்னார்.

மெதுவாகத்தான் போனார். ஆனால் மணி ஒன்பதரை நெருங்க நெருங்க நானும் தலைவரும் பேசிப் பேசியே வண்டியை வேகமாக்கினோம். பாலத்தில் ஏறும்போது ஏர்கோன் இல்லை, ரேடியோ இல்லை. தலைவர் முன்சீட்டில் மந்திரம் சொன்னார். மேடு முடிந்து இறக்கம் ஆரம்பித்ததும் பின்னால் யாரோ காரைப் பிடித்து மெல்ல அசைப்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளையார் இடது பக்கம் போனார். பிறகு வலது பக்கம். அப்புறம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடது பக்கம். காரும் கூடவே போனது. இரண்டு பக்கமும் கடல்.

"பிரேக்கைப் போடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

"வாயை மூடுலா தம்பி! பிரேக் போட்டா சாமி நம்மளை முந்திக்கிட்டுப் போயிரும்!"

அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கையும் ஒடிக்கவில்லை. இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் கூட்டுகிற எண்ணெய் மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தார். ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. தலைவர் மந்திரத்தில் பாதியை விட்டுவிட்டு வெறும் "அப்பனே, அப்பனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் ஓரப் பாதையில் போய் நின்றது.

நான் தயாராக இருந்தேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அண்ணே சொல்வார், நான் தலையைக் குனிய வேண்டும். அவர் இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்து கையை நீட்டினார்.

"தராசு."

கொடுத்தேன்.

பாலத்து ரோந்துக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார், மலாய்க்காரர். வசவு விழும் என்று நினைத்தேன். அவர் பிள்ளையாரைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் சாலையில் எச்சரிக்கைக் கூம்புகளை வைத்துவிட்டு, "சிப்பாட் பாங், சிப்பாட்" என்று அவசரப்படுத்தினார். எண்ணெய்க் காப்புக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை அண்ணே பலகைக்கு அடியில் ஊற்றினார். நான், தலைவர், அண்ணே, ரோந்துக்காரர் நான்கு பேரும் தள்ளினோம். பிள்ளையார் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நெல் மூட்டைகளைச் சுமந்து போய் அவருக்கும் முன்னால் வைத்தோம்.

அண்ணே மூக்கைத் தராசில் இறக்கினார். இறக்குவதற்கு முன் கைகூப்பி, "மன்னிச்சுக்க சாமி, உன்னை நிறுக்கல. வண்டியைத்தான் நிறுக்கிறேன்" என்றார். குப்புறப் படுத்துப் பார்த்தார். "பதினேழு. போலாம்."

அதற்கப்புறம் வண்டி தொட்டில் மாதிரி வந்தது. டத்தோ கிராமாட் வந்தபோது மணி பத்தே கால். கோயில் சந்துக்குள் டிரெய்லரைப் பின்னால்தான் விட வேண்டும். நாற்பது பேர் நின்று, "ஒடி, ஒடி! நேரா! அந்தப் பக்கம் இல்லண்ணே, இந்தப் பக்கம்!" என்று நாற்பது விதமாகக் கத்தினார்கள். அண்ணே இன்ஜினை அணைத்தார். "எல்லாரும் கத்தி முடிச்சதும் சொல்லுங்க" என்றார். சத்தம் நின்றது. ஒரே மூச்சில் பீடத்து வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

பத்து இருபத்து நான்குக்குப் பிள்ளையார் உட்கார்ந்தார். அன்று மத்தியானம் என் மனைவி இரண்டு இலை சாப்பிட்டாள். மூன்றாவது இலையைப் போட்டதும் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எழுதக் கூசியது இனிமேல் வருவதுதான். பந்தியில் யாரோ, "ஏன் லேட்டு, சாமி பலகையெல்லாம் ஏன் எண்ணெய்?" என்று கேட்டார்கள். தலைவர் இலையிலிருந்து நிமிர்ந்து, "பாலத்துல கடலைப் பாத்ததும் சாமி ஆடிட்டாருப்பா! நானே கண்ணால பாத்தேன்" என்றார். பக்கத்து வரிசையில் ஒருவர், "சாமி எங்க ஆடினாரு, கொக்கி ஓட்டின லட்சணம் அப்படி" என்றார். சிரித்தார்கள். நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியில் பாயசம் இருந்தது, வாயில் வார்த்தை வரவில்லை. அண்ணே நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. டம்ளரை நீட்டி, "முந்திரி அடியில கெடக்கு, கலக்கி ஊத்துலா" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் இரண்டு கதைதான். பக்தி உள்ளவர்களுக்குச் சாமி ஆடினார். இல்லாதவர்களுக்குக் கொக்கி அண்ணே சாமியைக் கடலில் போடப் பார்த்தார். அதற்குப் பிறகு கோயில் சாமான் எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. செயலாளர் என்ற முறையில் ஒவ்வொரு வருடமும் லாரிக்குச் சொன்னவன் நான்.

போன மாதம்தான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"விடுலா தம்பி. சாமி ஆடினாருன்னா கோயிலுக்குக் கூட்டம் வருது. பின்பாரம்னு சொன்னா யாரு வருவா?"

அவர் அப்படிச் சொல்லிவிட்டார். ஆனால் இந்த வருடத் திருவிழா மலரில் பாலத்து அதிசயம் என்று ஒரு பக்கம் அச்சடிக்கப் போகிறார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நான்காவது முறையாக உட்கார்ந்தேன். இந்த முறை நோட்டை மூடவில்லை.

படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் நடந்தபடி சொல்லுங்கள். அன்று பாலத்தில் ஆடியது பின்பாரம். ஏற்றச் சொன்னவன் நான். ஒரு வார்த்தையும் குறைசொல்லாமல் எங்கள் மூவரையும் கரை சேர்த்தவர் கொக்கி அண்ணே. என்னைக் காப்பாற்றுவதற்காகவோ பிள்ளையாருக்குப் பெருமை சேர்ப்பதற்காகவோ எதையும் மாற்ற வேண்டாம். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், அவர் பின்னால் பார்த்துக்கொண்டுதான் வந்தார். சாலையில் என்றைக்காவது ஒரு சின்னக் கார் டிரெய்லரை இழுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனால், ஹாரன் அடிக்காமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே போங்கள். அண்ணேயின் டிரெய்லருக்குப் பின்னால் நான் இப்போதெல்லாம் அப்படித்தான் போகிறேன், என் வீட்டைத் தாண்டியும்.