ஒழிப்பதற்குப் பை போதவில்லை

மனித குலத்தின் சாதனைகளாக நெருப்பு, சக்கரம், எழுத்து என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்கள், எடைகள் அளவைகள் சரிபார்ப்பு அலுவலகத்தின் மாலைத் தின்பண்டச் சீர்திருத்தத்தை மட்டும் விட்டுவிடுவது பொறாமையால்தான். வேறு காரணம் இருக்க முடியாது. இருந்தால் அதை எடை போட்டுக் காட்டட்டும்.

அந்த அலுவலகத்தில் எதையும் எடை போட்டுத்தான் நம்புவார்கள். கடைக்காரர்களின் தராசுகளையும் படிக்கற்களையும் சரிபார்த்து முத்திரை குத்துவது அவர்கள் தொழில். மூன்றாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், அலுவலகத்தின் பெருமையான ஒரு தராசு இருந்தது. பக்கத்தில் யாராவது தும்மினால் தட்டு ஆடும் என்பதால், சளி பிடித்தவர்களுக்கு அந்த அறையில் அனுமதி கிடையாது.

தட்டச்சர் அங்கேதான் வேலை பார்த்தாள். தற்காலிகப் பணி. சேர்ந்த வருடம் பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். வேலை மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளை வேலையிலிருந்து நிறுத்தி, ஒருநாள் விட்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒருநாள் அவள் அங்கே யாருமில்லை. மற்ற நாட்களிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்று சொன்னால் மிகையாகுமோ என்னவோ.

இந்த நிலையில், தலைமையகத்தில் நடந்த பயிற்சிக்குப் போன மேலாளர் ஞானம் பெற்றுத் திரும்பினார். வந்த கையோடு கூட்டம் போட்டார்.

"மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பை இருக்கே, அதுதான் மனுஷ குலத்தோட எதிரி. நாலு மணிக்கு நாம திங்கிற கடலை, பிஸ்கட், பழத்துண்டு எல்லாம் அதுலதான் வருது. இன்னையிலேர்ந்து வாசல்லயே பறிமுதல்!"

தலைமை எழுத்தர் கையைத் தூக்கினார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், சர்க்கரை நோயாளி. நாலு மணிக்கு எதையாவது மெல்லாவிட்டால் அவருக்குத் தலை சுற்றும்.

"பைய வாசல்ல குடுத்துட்டா, உள்ள இருக்கிறத எதுல சார் மேல கொண்டு வர்றது?"

"அது இரண்டாம் கட்டம்."

"இரண்டாம் கட்டம் எப்போ சார்?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்."

"முதல் கட்டம் எப்போ முடியும்?"

"அது தொடர் நடவடிக்கை. உட்காருங்க."

திட்டம் தெளிவாக இருந்தது. பறிமுதலான பைகள் மாதக் கடைசியில் கண்ணாடிப் பெட்டித் தராசில் ஏறும். எடை தலைமையகத்துக்குப் போகும். எந்தக் கிளை அதிக எடை காட்டுகிறதோ அது 'முன்னோடிக் கிளை'. இதற்கு ஒருங்கிணைப்பாளராகத் தட்டச்சர் நியமிக்கப்பட்டாள். மற்றவர்கள் எல்லாம் நிரந்தர ஊழியர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது மரியாதையாகாது.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இதை நல்லபடியா செஞ்சு குடும்மா. ஆய்வுக்கு அதிகாரி வர்றப்ப, உன்ன நிரந்தரமாக்கறதப் பத்தி நானே வாயத் திறக்கறேன்."

இந்த விஷயத்தில் அவர் வாய் இதுவரை திறந்ததே இல்லை. தட்டச்சருக்கு உடம்பு சிலிர்த்தது.

இயக்கம் கொடிகட்டிப் பறந்தது. காலையில் வாசலில் காவலாளி மறித்து நிற்பார். "பையக் குடுங்க, பண்டத்த எடுத்துக்குங்க."

"எதுலய்யா எடுத்துக்கிறது?"

"அதப் பத்திப் பேசறதுக்கு எனக்கு உத்தரவு இல்ல."

அனுப்புகைப் பிரிவில் ஒருவர், நெகிழி ஒழிப்புச் சுற்றறிக்கையிலேயே கேக்கைச் சுற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவர் பழத்துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சு நனைய உழைத்தார். தலைமை எழுத்தர் இரண்டு கைகளிலும் வறுகடலையை ஏந்தி, கைப்பிடியைப் பிடிக்க வழியில்லாமல் மாடி ஏறினார். படிக்குப் படி நாலு கடலை உதிர்ந்தது. ஒருநாள் தாம் சிந்திய கடலையே காலை வாரிவிட, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். விழும்போதும் கையை விரிக்கவில்லை. மீதிக் கடலை பத்திரமாக இருந்தது. இதைத்தான் அர்ப்பணிப்பு என்கிறார்கள்.

அன்று மாலை தட்டச்சர் வீட்டில் புலம்பினாள். அவள் கணவன் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவன். வீட்டில் பாதி இடத்தில் வெட்டுத் துணி, மீதி இடத்தில் குடும்பம்.

"பாவங்க அந்த மனுஷன். முட்டி வீங்கிப் போச்சு."

"ஏன், ஒரு டப்பால போட்டுக்கிட்டு வந்தா என்னவாம்?"

"கைப்பைக்குள்ள நுழையாதாம். பாதி காலியானதும் கடகடன்னு சத்தம் வேற போடுதாம்."

"ஆமா, தூங்கற எடத்துல சத்தம் கூடாதுதான்."

"எங்க ஆபீஸக் கிண்டல் பண்ணாதீங்க."

"உங்க ஆபீஸா? நீ இருக்கியான்னு முதல்ல அவங்களக் கேளு."

சொன்னானே தவிர, சாப்பிட்டு முடித்ததும் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தான். வெளியே பருத்தித் துணி. எண்ணெய் இறங்காமல் இருக்க உள்ளே மழைக்கோட்டுத் துணி. மூடுவதற்கு மேலே ஒரு மடிப்பு. மூலையில் துணுக்குகள் அடையக் கூடாது என்று அடிப்பக்கத்தை வளைவாகத் தைத்தான். உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக் கழுவலாம். உள்ளங்கை அகலம்தான், ஆனால் ஒரு ஆளின் நாலு மணிப் பசியைத் தாங்கும்.

முதல் பை தலைமை எழுத்தருக்குப் போனது. அவர் கடலையைக் கொட்டினார், மூடினார், தலைகீழாக ஆட்டினார். ஒன்றுகூட விழவில்லை. "என் பொண்டாட்டி எனக்குத் தச்சுக் குடுத்த சட்டகூட இவ்ளோ பொருத்தமா இல்லம்மா," என்றார்.

அவ்வளவுதான், எல்லாரும் கேட்டார்கள். கணவன் தைத்துக்கொண்டே இருந்தான். சாயங்கால வேளைகளில் கழுவிய பைகள் அலுவலக ஜன்னல் கம்பிகளில் வரிசையாகத் தொங்கின. தெருவில் போனவர்கள், மேலே யாருக்கோ ஒரே பிரசவத்தில் ஏகப்பட்ட பிள்ளைகள் என்று முடிவு கட்டினார்கள்.

முதல் மாத எடை தலைமையகம் போய்ச் சேர்ந்து, இரண்டாம் மாதக் கடைசி வந்தது. மேலாளர் மூச்சை அடக்கிக்கொண்டு தராசின் முன்னால் நின்றார்.

"என்னம்மா இது, தட்டு அசையவே மாட்டேங்குது?"

"பையே வரலைங்க சார். யாரும் கொண்டு வர்றதில்ல." சொல்லும்போது தட்டச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏன் கொண்டு வர்றதில்ல?"

"ஒழிச்சுட்டோம் சார்!"

மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "யாரக் கேட்டு ஒழிச்சே?"

"இயக்கமே அதுக்குத்தானே சார்..."

"ஒழிப்பு இயக்கம்னா ஒழிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரேயடியா ஒழிச்சுட்டா நாளைக்கு எதம்மா ஒழிப்பே? அடுத்த வாரம் அதிகாரி வர்றாரு. மத்த கிளையெல்லாம் மூட்டை மூட்டையா காட்டுது. நாம ஜன்னல்ல தொங்கற கோவணத்தையா காட்டுறது?"

"அது பைங்க சார்."

"எடை காட்டாதது எல்லாம் எனக்கு ஒண்ணுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாரும்மா, நான் வாயத் திறக்கத் தயாரா இருக்கேன். ஆனா வெறுந்தட்ட வச்சுக்கிட்டு எப்படித் திறக்கறது?"

தட்டச்சர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் தன் பிழைப்பு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் எடை இருப்பதாகத் தராசு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தாள். நல்ல மனிதர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆய்வு நாளன்று துணிப் பைகள் மொத்தமும், முத்திரை மறுக்கப்பட்ட படிக்கற்களோடு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. தட்டச்சர் மொத்தக்கடையில் வாங்கி வந்த புத்தம்புது நெகிழிப் பைக் கட்டுகளோடு காவலாளி வாசலில் நின்றார்.

"இந்தாங்க சார், பை."

"எதுக்குய்யா?"

"எங்கிட்ட குடுக்கறதுக்கு."

ஊழியர்கள் வாங்கினார்கள், கொடுத்தார்கள். அதிகம் ஒழிக்க விரும்பியவர்கள் வெளியே போய் மறுபடியும் உள்ளே வந்தார்கள்.

தலைமையகத்து அதிகாரி தராசைப் பார்த்தார். தட்டு தணிந்தது. அவர் கண்கள் கலங்கின.

"இவ்வளவும் இந்தக் கிளையில ஒழிச்சதா?"

"ஒரே நாள்ல சார்," என்றார் மேலாளர், உண்மைக்குப் புறம்பாக ஒரு வார்த்தை பேசாமல்.

அதிகாரி ஒருங்கிணைப்பாளரைப் பார்க்க விரும்பினார். தட்டச்சர் வந்து நின்றாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பையெல்லாம் எப்போதான் முழுசா ஒழியும்?"

போன வாரமே ஒழிந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மேலாளரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒழியாதுங்க சார்," என்றாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா, ஒழியாத வேலைக்கு எதுக்குய்யா தற்காலிக ஆள்? நிரந்தரமாக்குங்க!"

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அன்று வீட்டில் கணவன் மகளைத் தூக்கிச் சுற்றினான். கொஞ்சம் மூச்சு வாங்கியதும் கேட்டான்: "அடுத்த கட்டுக்கு துணி வெட்டி வச்சிருக்கேன். எத்தன பை வேணும்?"

"பை வேணாம், கார் சீட்டுக்கே உறை தைங்க," என்றாள் அவள்.

இப்போது அந்த அலுவலகம் முன்னோடிக் கிளை. தினமும் காலையில் புதுப்பைகள் வழங்கப்பட்டு, அங்கேயே திரும்பப் பெறப்படுகின்றன. இரண்டாம் கட்டமும் வந்துவிட்டது: கைகளை இணைத்துக் குழிவாக ஏந்துவது எப்படி என்று செயல்முறை விளக்கம். எல்லாரும் ஒத்துழைக்கிறார்கள், ஒருவரைத் தவிர. தலைமை எழுத்தர் மட்டும், மேலாளர் ஆணையை மீறி, அலமாரியிலிருந்து மீட்ட தன் துணிப் பையிலேயே கடலை கொண்டுவந்தார். நெகிழி ஒழிப்பில் ஒத்துழையாமைக்காக அவருக்குக் குறிப்பாணை தயாரானது. தயாரித்தவள் நிரந்தர ஒருங்கிணைப்பாளர். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

அவர் நொண்டிக்கொண்டே வந்து, அவள் மேசைக்கு முன்னால் நின்று, அதைக் கடைசி வரிவரை படித்தார்.

"இந்தப் பைய எனக்குக் கொண்டாந்து குடுத்ததே நீதானேம்மா?"

அவள் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்போ நான் தற்காலிகம் சார்."