முன்சுவரில் ஒரு பள்ளம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பித்தேன். 'எல்லோரும்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நானும் பொடிசும் நலம். மாமாவின் முட்டிவலி தேவலையா?

விஷயம் இதுதான். பொடிசு பிறந்தபோது இவளுக்குச் சிசேரியன் செய்தார்களே, உள்ளே கர்ப்பப்பையில் போட்ட தையல் சரியாகக் கூடவில்லையாம். அந்த இடத்தில், முன்சுவரில், ஒரு பள்ளம். மாதவிலக்கு ரத்தம் அதில் தேங்கி நிற்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுகிறது. மாதத்தில் பாதி இப்படியே போகிறது. வலி வேறு. நீச்சல் சொல்லித்தருகிறவள் இப்போது நீச்சல்குளத்து விளிம்பில் நின்று விசில் ஊதுகிறாள். பிள்ளைகள் 'காய்ஞ்ச டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். மாத்திரை என்றால் ரத்தம் குறையும், பள்ளம் அப்படியே இருக்கும், சாப்பிடும்வரை கரு தரிக்காது. ஆபரேஷன் என்றால் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, பழைய தழும்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தைப்பது. மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டுப் பார்த்தாள். சொட்டுவது குறைந்தது. தலைவலி வந்து உட்கார்ந்துகொண்டது.

"அடுத்த குழந்தை வேணுமா? அதைச் சொல்லுங்க, மத்ததை நான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

குழப்பம் இங்கேதான்.

இவளுக்கு ஆசை இருக்கும் என்று நான் "வேணும்" என்றேன். எனக்கு ஆசை இல்லை என்று நினைத்து, அதே நொடியில் இவள் "வேண்டாம்" என்றாள். வீட்டுக்கு வந்து அவரவர் வேலையைப் பார்த்தோம். அடுத்த தடவை, இவள் மனசு நோகக்கூடாதே என்று நான் "வேண்டாம்" என்றேன். இவள் "வேணும்" என்றாள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். "ரெண்டு பேரும் வெளியில போய், ஒருத்தரை ஒருத்தர் அறிமுகப்படுத்திக்கிட்டு வாங்க."

அவர் ஒரு தாளில் கர்ப்பப்பையைக் கோணலாக வரைந்து காட்டியிருந்தார். கட்டடப் படம் வரைந்து பிழைக்கிறவனுக்கு அது பொறுக்குமா? வரைந்தால் புரியும் என்று ஆபீசில் வேலை ஓய்ந்த நேரம் பார்த்து அளவோடு திருத்தமாக வரைந்தேன், அச்சுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போவதற்குள் எங்கள் எஞ்சினியர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற மனுஷன், அதை எடுத்துப் பார்த்துவிட்டு "யாருதுப்பா இந்தத் தண்ணித் தொட்டி, பழைய ஒட்டுப் போட்ட இடத்துல அரிச்சிருக்கு பாரு, இங்க தேங்கும், அப்புறம் சொட்டும்" என்கிறார், நான் ஆமாம் சார் என்கிறேன், "மிச்சச் சுவர் எவ்ளோ கனம்?" ரெண்டு மில்லிமீட்டர் சார், "போய்யா, சென்டிமீட்டரா இருக்கும்", அதற்குள் கணக்குப் பார்க்கிற அம்மா வந்து "மேலாப்புல ஒரு பூச்சு பூசிட்டாப் போதாதா?" என்று கேட்க, "பூசினா கொஞ்ச நாள் தாங்கும்மா, பள்ளம் பள்ளம்தான்" என்று அவர் சொல்ல, எனக்கு மாத்திரை ஞாபகம் வந்தது, உண்மையைச் சொல்லவா வேண்டாமா என்று முழிக்கும்போதே மனுஷன் படத்தின் ஓரத்துக் கட்டத்தில் பென்சிலால் 'யார் உபயோகத்துக்கு?' என்று எழுதி என் கையில் திணித்துவிட்டார். "அதைத் தெரிஞ்சுக்காம ரிப்பேரைப் பத்தி என்னய்யா பேச்சு?"

டாக்டரம்மா கேட்டதும் இதையேதானா? தெரியவில்லை. படம் என் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன். மடிக்கிறேன். கோடுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. புரியத்தான் இல்லை.

அதனால் அக்கா, அண்ணி அண்ணி என்று உன்னிடம்தான் இவள் மனம்விட்டுப் பேசுவாள். நீ கூப்பிட்டு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், இன்னொரு குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று வாயைக் கிளறிப் பார். எது என்று ஒரு வரி எழுது, போதும். நான் ஃபோனில் பேசினால் இவள் காதில் விழும். சின்ன வீடு. அதற்காகத்தான் கடிதம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். பெரியவன் வாங்கிக்கொள்ள மாட்டான், அவனுடையதையும் சின்னவளுக்கே கொடுத்துவிடு.

ஒன்றும் புரியாத,
உன் தம்பி

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தேன். துவைக்கப் போட இவள் என் சட்டையை உதறினாள். படம் விழுந்தது.

"இது நானா?"

"ஆமா."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க."

தொட்டிக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது." பிறகு சிரிப்பு நின்றது. "குழந்தை வேணுமா, குழந்தை வேணுமான்னு எல்லாரும் கேக்கறீங்க. அது எனக்கே இன்னும் தெரியல. தண்ணியில இறங்கணும். அது மட்டும் தெரியும்."

"அதுக்காக ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"காலையிலயே டாக்டருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன். தாராளமாப் பண்ணலாமாம். ரத்தமும் வலியும் நிக்கணும்கிறது போதாதா, முதல்லயே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானேன்னு திட்டினாங்க. அடுத்த வாரம் வந்து சேரச் சொன்னாங்க. அண்ணிகிட்டயும் சொல்லியாச்சு. பொடிசைப் பாத்துக்க வர்றாங்க."

ஆக, மேலே நான் கேட்டது எதையும் நீ கேட்க வேண்டாம். உனக்கு எல்லாம் தெரியும். இந்த வீட்டில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்திருக்கிறது. ஸ்டாம்பை உரிக்க முடியவில்லை, அதனால் அனுப்புகிறேன்.

படம் மேசைமேல் விரித்துக் கிடக்கிறது. எஞ்சினியரின் கேள்விக்குக் கீழே இவள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'என் உபயோகத்துக்கு.'